121 முதல் 124 வரை

5 ஜூன், திங்கள்

கட்டிலுக்கு அடியில் கரையான். பெருக்கப் போன ருக்குமணி துடைப்பத்தோடு வந்து என் முன்னால் நின்றாள். "ஏனுங்க, உங்க புஸ்தகத்தைப் படிக்க ஆள் வந்திருச்சு" என்றாள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியாதா.

பகல் முழுக்க அந்த வேலைதான். கட்டுகளை இழுத்து வெயிலில் வைத்து, மருந்தடித்து, கீழே செங்கல் கொடுத்துப் பலகை போட்டு மறுபடி அடுக்கினோம். அடிக்கட்டு போய்விட்டது. முன்னுரையைக் கரையான் தொடவில்லை. நேராகச் சட்டப் பிரிவுகளுக்குப் போயிருக்கிறது. மனிதர்களைவிடப் பரவாயில்லை.

'முதலுக்கே மோசம்' வந்து மூன்று வருடம். பி.எஃப். பணத்தில் நானே அச்சிட்டது, ஆயிரம் பிரதி. நூலக ஆணை வரும் வரும் என்று பார்த்து அதுவும் வரவில்லை. மைத்துனன் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகப் போட்டோம். மண்டப வாசலிலேயே ஒரு கட்டு திரும்பக் கிடைத்தது. கோவையில் பங்கு மாற்று அலுவலகம் ஒன்றில் ஆயுசு முழுக்கக் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். போலிக் கையெழுத்து, செத்தவர் பெயரில் விற்ற பங்கு, விலாசமே இல்லாத கம்பெனி என்று பார்த்ததை எல்லாம் எழுதினேன். முழுதாகப் படித்தவர் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் பிழை திருத்தியவர் ஒருவர்தான். அவருக்கும் கூலி கொடுத்தேன்.

என் தங்கை வசந்தாமணிக்குப் புத்தகம் வந்த அன்றைக்கே ஒன்று கொடுத்தேன். கோபியில் அவள் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அழுக்காகிவிடுமாம்.

14 ஜூன், புதன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்தது.

மதியம் ஒரு போன். சுடரொளி கேபிடல் என்ற நிறுவனத்தின் தலைவர், தரணிதரன். என் புத்தகத்தை எங்கோ பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம். (பழைய புத்தகக் கடை வரை போயிருக்கிறது என்பதை இப்போதுதான் அறிகிறேன்.) தமிழில் இப்படி ஒரு நூல் இருப்பது யாருக்கும் தெரியாமல் போனது பெரிய அநியாயம் என்றார். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டுமாம். மூவாயிரம் பிரதி.

எண்ணிக்கையை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நிறுவனம் என்ன செய்கிறது என்றும் கேட்டேன். முதலீட்டு ஆலோசனை என்றார். நல்லது.

ருக்குமணியிடம் சொன்னேன். ஊரார் பணத்தை வாங்குகிறவன், பணத்தைக் கொடுக்காதே என்கிற புத்தகத்தை எதற்கு வாங்குகிறான் என்று கேட்டாள். மருந்துக் கடைக்காரன் நோயைப் பற்றிப் பேசுவதில்லையா என்றேன். அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

2 ஜூலை, ஞாயிறு

தரணிதரன் நேரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து காலில் விழுந்தார். ருக்குமணி காலிலும் விழுந்தார். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமே என்றேன். வேண்டாமுங்க ஐயா, புதுப் பதிப்பாகப் போடலாம், நல்ல காகிதம், கெட்டி அட்டை, முழுச் செலவும் எங்களுடையது என்றார். ஒரே ஒரு விஷயம். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. இருநூற்று எட்டு என்றால் பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் வீதம் பதிமூன்று ஃபாரத்தில் கச்சிதமாக முடியும். நான்கு பக்கம் மட்டும் தொங்குகிறது.

அச்சுத் தொழில் தெரிந்தவர் பேசுவது காதுக்கு இதமாக இருக்கிறது. அச்சகக்காரர் அந்தோணி முதல் பதிப்பிலேயே இதைச் சொல்லிப் புலம்பினார். அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாகத் தாள் ஓட்ட வேண்டியிருந்தது.

எந்த நான்கு பக்கம் என்பது என் விருப்பம் என்றார். சட்டம் உருவான வரலாறு என்கிற இரண்டாம் அத்தியாயத்தில் சுருக்கலாம், இல்லாவிட்டால் ஏழாம் அத்தியாயத்தில் 121 முதல் 124 வரை எடுக்கலாம். அந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருப்பதாக அவருடைய அலுவலகப் பையன்கள் சொன்னார்களாம்.

3 ஜூலை, திங்கள்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். முழங்காலுக்குத் தைலம்.

இரண்டாம் அத்தியாயத்தைத் தொட மனம் வரவில்லை. அதற்காகச் சென்னைக்கு மூன்று முறை போய், நூலகத்தில் பழைய அறிக்கைகளைத் தூசு தட்டி எடுத்தவன் நான். அந்தத் தகவல் தமிழில் வேறு எங்கும் கிடையாது. 121இல் இருப்பது பொதுவான எச்சரிக்கை. மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொன்னால் நம்பாதே. பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் அது யாருடைய எண், எந்த வேலைக்குக் கொடுத்த எண் என்று பார். மேடையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பணம் போடாதே. பத்திரிகைகளில் வாரம் ஒரு முறை வருகிற சங்கதிதான்.

அந்தோணியிடம் 121 முதல் 124 வரை எடுத்துவிடச் சொன்னேன்.

11 ஜூலை, செவ்வாய்

தரணிதரனுடைய பதிவு எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது தண்ணீரும் வந்தது.

29 ஜூலை, சனி

ஆடி என்பதால் வெளியீட்டு விழா ஆவணியில். அட்டைப்பட மாதிரி வந்தது. என் பெயர் பெரிய எழுத்தில். அட்டையின் உட்புறம் நிறுவனத்தின் வாழ்த்து. அட்டையில் உள்ள என் படத்தில் மூக்குக் கண்ணாடி கொஞ்சம் கோணலாக இருக்கிறது. சொல்லி அனுப்பினேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

விழா. அவிநாசி சாலையில் குளிரூட்டிய கல்யாண மண்டபம். மண்டபம் நிறைந்து பக்கவாட்டிலும் நின்றார்கள். நாதஸ்வரம் வேறு. பொன்னாடை, ஆளுயர மாலை. என் கல்யாணத்தில்கூட மாலை இவ்வளவு நீளம் இல்லை.

தரணிதரன் பேசும்போது, "ஐயா எங்க நிறுவனத்தை அக்குவேறு ஆணிவேறா அலசிப் பாத்துட்டுத்தானுங்க இந்த மேடைக்கே வந்தாரு" என்றார். அப்படி நான் அலசவில்லை. மேடையில் எழுந்து மறுப்பது மரியாதையாக இருக்காது. கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன்.

வசந்தாமணி கோபியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, போய்ச் சேர்ந்த பிறகு அவள் இப்படி வெளியே வந்ததே இல்லை. எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். புத்தகம், ஒரு டப்பா மைசூர்பாகு, நிறுவனத்தின் விளக்கத்தாள். அவள் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். இந்தப் பிரதியில் என் கையெழுத்து இல்லை, தைரியமாகப் படி என்று சொல்லி அனுப்பினேன்.

 ருக்குமணி வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து, மற்ற நாலு பொன்னாடைகளோடு வைத்தாள். நாலும் மற்றவர்களுக்குப் போட நான் வாங்கி வைத்தவை.

3 செப்டம்பர், ஞாயிறு

வசந்தாமணி போன். நிஜமாகவே படிக்கிறாள். தினம் விளக்கேற்றிய பிறகு பத்துப் பக்கமாம். ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்கிறவரே பொய் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டாள். அறுபதாம் பக்கத்தில் இருக்கிறது அது. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவள். நான் உற்சாகமாக அரை மணி நேரம் விளக்கினேன். நடுவில், அந்தத் தரணிதரன் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். மரியாதை தெரிந்த பையன் என்றேன். பிறகு தணிக்கைக்கே திரும்பினோம்.

17 செப்டம்பர், ஞாயிறு

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. எருக்கம்பூ மாலை வாங்கினேன்.

வசந்தாமணி புத்தகத்தை முடித்துவிட்டாள். ஒரு எழுத்து விடவில்லையாம். குரலில் ஒரு தெளிவு. "இப்பத்தானுங்கண்ணா எனக்குத் தைரியமே வந்திருக்குது" என்றாள். எதற்குத் தைரியம் என்று கேட்டிருக்கலாம். எழுதியவனுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

8 அக்டோபர், ஞாயிறு

நிறுவனத்தின் காரில் தாராபுரம் போனேன். அங்கே ஒரு கூட்டம். அரை மணி நேரம் சட்ட வரலாறு பேசினேன். எனக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை, ஏதோ சதவீதம் போட்டிருந்தது. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

10 அக்டோபர், செவ்வாய்

ருக்குமணி கேட்டாள், அவ்வளவு பெரிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடி எதற்கு என்று.

24 அக்டோபர், செவ்வாய்

நேற்று ஆயுத பூஜை. கணினிக்கும் பொட்டு வைத்தாள் ருக்குமணி. வைத்துவிட்டு, "இதுல பாக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றாள்.

விழாவில் கொடுத்த விளக்கத்தாளைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மாதம் மூன்று சதவீதம். தரணிதரனுக்குப் போன் செய்தேன். அது உத்தரவாதம் இல்லைங்க ஐயா, இலக்கு என்றார். இலக்கு வேறு, உத்தரவாதம் வேறு என்பது உண்மைதான்.

தாளின் அடியில் பதிவு எண் இருந்தது. இன்றைக்குக் கரண்டும் இருந்தது.

25 அக்டோபர், புதன்

பார்த்தேன்.

எண் உண்மையானது. வேறு ஒருவருடையது. பங்குகளைப் பற்றிக் கருத்து எழுத அவருக்குக் கொடுத்த அனுமதி. யாரிடமும் பணம் வாங்க அதில் இடமில்லை. அதுவும் காலாவதியாகிவிட்டது. 122ஆம் பக்கத்தில் இதே மாதிரி ஒன்றை உதாரணமாக எழுதியிருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

28 அக்டோபர், சனி

சுடரொளிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். விளம்பரங்களில் என் பெயரையும் படத்தையும் நீக்குமாறு கேட்டிருக்கிறேன். கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றினேன். போலீசுக்குப் போக வேண்டாமா என்றாள் ருக்குமணி. முதலில் பதில் வரட்டும், முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

4 நவம்பர், சனி

பதில் வரவில்லை. மழை.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வசந்தாமணி காலையிலேயே வந்துவிட்டாள். எனக்கு வேட்டி, ருக்குமணிக்குச் சேலை, கை முறுக்கு. இவ்வளவு எதற்கு என்று கடிந்துகொண்டேன். இனிமேல் தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றாள். தென்னந்தோப்பை விற்ற பணம் பாங்கில் தூங்கிக்கொண்டு இருந்ததல்லவா, முழுவதையும் செப்டம்பரிலேயே சுடரொளியில் போட்டுவிட்டாளாம். முதல் மாதத்து வட்டியில் வாங்கியதுதான் இந்த வேட்டி. தீபாவளிக்குச் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தாளாம்.

அந்தத் தோப்பு மாப்பிள்ளை கிணறு வெட்டி, தலைச்சுமையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. பிள்ளைகளும் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று சத்தம் போட்டேன். புத்தகம் படித்து என்ன பிரயோஜனம் என்றும் சொன்னேன்.

அவள் பயந்துபோய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"ஒரு எழுத்து விடாம படிச்சனுங்கண்ணா. ரெண்டு தடவ படிச்சேன். இந்த மாதிரி எடத்துல போடாதீங்கன்னு எங்கியுமே இல்லீங்களே."

வாங்கிப் புரட்டினேன். 120ஆம் பக்கம் ஒரு பத்தியோடு முடிகிறது. அடுத்த பக்கம் எட்டாம் அத்தியாயம். இடையில் ஏதோ இருந்தது என்றே தெரியாது. அந்தோணி வேலையில் சுத்தம்.

ருக்குமணி கட்டிலுக்கு அடியில் குனிந்து பழைய பிரதி ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தாள். நான் வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறுக்குப் பாத்திரத்தின் மூடியைச் சரியாக மூடினாள். பிறகு, பணம் போய்விட்டதா என்று மட்டும் கேட்டாள்.

13 நவம்பர், திங்கள்

நானும் வசந்தாமணியும் சுடரொளிக்குப் போனோம். விடுமுறை.

15 நவம்பர், புதன்

திறந்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண் நல்ல பெண். 25ஆம் தேதிக்கு மேல் வந்தால் பணம் கட்டாயம் கிடைக்கும் என்றாள். சுவரில் என் படம், மாலையோடு. கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறார்கள்.

20 நவம்பர், திங்கள்

பூட்டு. வாசலில் கூட்டம். தரணிதரன் போன் அணைந்திருக்கிறது.

ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இவர்தான் அந்தப் புத்தகக்காரர் என்றார். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தள்ளவும் இல்லை. பாவம், இவரையும் ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். வசந்தாமணி என்னைப் பார்த்தாள்.

21 நவம்பர், செவ்வாய்

நேற்றுத் தலையாட்டியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

22 நவம்பர், புதன்

பொருளாதாரக் குற்றப் பிரிவு. வசந்தாமணி புகார் எழுதிக் கொடுத்தாள். நான் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பதிப்பையும் கையோடு கொண்டு போயிருந்தேன். இரண்டு வேண்டாம், ஒன்று போதும், அதுவும் பழையதாக இருந்தால் உங்களுக்கு நல்லது என்று ருக்குமணியின் தம்பி, வக்கீல், போனில் சொல்லியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். கையெழுத்து ஒப்பிடும்போது நானும் அப்படித்தான் வைப்பேன்.

"இதுல இருக்கற நாலு பக்கம் அதுல இல்லைங்களே. அவங்க எடுத்தாங்களா?"

"இல்லைங்கம்மா. நான்தான் எடுத்தேன்."

ஏன் என்றார். ஃபாரம் கணக்கைச் சொன்னேன். இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை. எழுதிக்கொண்டார். நான் சாட்சியா வேறா என்பது விசாரணையில்தான் தெரியும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார். டெபாசிட்தாரர் நலச் சட்டப்படி சொத்தை முடக்கி ஏலம் விட்டால் ஏதாவது கிடைக்கலாம், வருடங்கள் ஆகும். அந்தச் சட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு திருத்தம் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

3 டிசம்பர், ஞாயிறு

கோபிக்குப் போய்வர இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு போனேன். தோள்பையில் அரிசி, பருப்பு, ருக்குமணி கொடுத்தனுப்பியது. இனி மாதாமாதம் இது உண்டு என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். வசந்தாமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் அவள்.

காபி கொடுத்துவிட்டு பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவிலிருந்து நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியை எடுத்தாள். பிரித்த உறையை என் கையில் கொடுத்தாள். முதல் பக்கத்தில், 'அன்புத் தங்கை வசந்தாமணிக்கு, ஏமாறாமல் இருக்க' என்று என் எழுத்து. அதை அவள் பார்த்துவிட்டுத் திருப்பினாள். 121ஐத் தேடிப் பிடித்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். நான்கு பக்கமும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வறட்சியாக இல்லை.

"நல்லாத்தானுங்கண்ணா எழுதியிருக்கீங்க" என்றாள்.

 அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கனகத்தைக் கூப்பிட்டாள். கனகம் மகளிர் குழுவில் சேர்த்து வைத்ததை வேறு எங்கேயோ ஒரு தங்க நகைத் திட்டத்தில் போட இருக்கிறாளாம்.

"இந்தா. நூத்தி இருபத்தொண்ணாம் பக்கத்துல இருந்து படி. மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்."

புத்தகம் மதில் தாண்டிப் போனது. நான் வெறும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.